பயணச் செலவு ஏறி, மந்தநிலையும் சேர்ந்து வந்தால் சுற்றுலாவை நம்பிய தீவுக்கு என்ன நேரும்?

விமானக் கட்டணம் ஏறினால் பயணிகள் குறைவார்கள், மந்தநிலை வந்தால் மேலும் குறைவார்கள், இதற்கு மேல் ஒரு தீவு தனியாக அனுபவிக்கும் பாதிப்பு ஏதேனும் உண்டா என்பது உங்கள் கேள்வி. உண்டு. 2008-ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடிக்கு முன்பும் பின்பும் மாலத்தீவில் ஒரு தீவு விடுதியின் கணக்குப் பிரிவில் பணியாற்றியவன் என்பதால், அங்கு என் கண்ணெதிரே நடந்ததையும், அதே காலத்தில் அமெரிக்காவின் தீவு மாநிலமான ஹவாயில் நடந்ததையும் வைத்து இதற்குப் பதில் எழுதுகிறேன். இவ்வளவு நடந்த பிறகும், வந்த பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீவின் நிலையை மதிப்பிடும் வழக்கம் தொடர்கிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

முதலில் போக்குவரத்தைப் பார்ப்போம். நிலப்பரப்பில் உள்ள ஒரு சுற்றுலா நகரத்தில் விமானக் கட்டணம் ஏறினால், தொலைவிலிருந்து வருபவர்கள் குறைந்தாலும், காரிலும் ரயிலிலும் வரக்கூடிய அருகூர் மக்கள் ஓரளவு அந்த இடத்தை நிரப்புவார்கள். நடுக்கடலில் இருக்கும் தீவுக்கு அந்த வழி இல்லை. ஒரு விமான நிறுவனம் தன் சேவையை நிறுத்தினால், மற்ற விமானங்களில் மீதமுள்ள இருக்கைகளின் எண்ணிக்கைதான் தீவின் புதிய உச்சவரம்பு. வர விரும்புகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அதற்கு மேல் வர முடியாது. ஹவாயில் இது சில நாட்களுக்குள் நடந்தது. 1946-இல் தொடங்கிய அலோஹா ஏர்லைன்ஸ், எரிபொருள் விலை உயர்வையும் கட்டணப் போட்டியையும் தாங்க முடியாமல் 2008 மார்ச் 31 அன்று பயணிகள் சேவையை முடித்துக்கொண்டது. ஏறத்தாழ 1,900 பேர் வேலை இழந்தார்கள். அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து ஹவாய்க்குப் பறந்துகொண்டிருந்த ஏ.டி.ஏ. நிறுவனமும் அதே வாரத்தில் நின்றுபோனது. வால் ஸ்ட்ரீட் வங்கிகள் சரிந்த செப்டம்பர் மாதத்துக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். தீவைப் பொறுத்தவரை எரிபொருளின் அடி முதலில் விழுந்தது, மந்தநிலையின் அடி அதன்மேல் விழுந்தது.

கச்சா எண்ணெய் 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலர் வரை ஏறியது. டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. விலை இறங்கியதும் பயணிகள் திரும்புவார்கள் என்று அப்போது எங்கள் அலுவலகத்தில் பலர் நம்பினோம். ஆனால் எண்ணெய் அவ்வளவு வேகமாக இறங்கியதே உலகெங்கும் தேவை சுருங்கியதால்தான். எரிபொருள் மலிவானபோது, விடுமுறைக்குப் பணம் சேர்த்து வைத்திருந்த ஐரோப்பியக் குடும்பம் தன் வேலை நிலைக்குமா என்ற கவலையில் முன்பதிவைத் தள்ளிப் போட்டுவிட்டது. செலவு ஏறும்போது வருகிறவர் தயங்குகிறார். செலவு இறங்கும்போது அவரிடம் பணம் இல்லை. இரண்டு நிலைகளிலும் இழப்பு தீவின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

பயணச் செலவு சந்தையால் மட்டுமே ஏறுவதில்லை. தொலைதூர அரசுகளின் முடிவுகளாலும் ஏறுகிறது. பிரிட்டன் தன் விமானப் பயணிகள் வரியை 2009 நவம்பர் முதல் தூரத்தின் அடிப்படையில் நான்கு பட்டைகளாகப் பிரித்தது. லண்டனிலிருந்து சேரும் நாட்டின் தலைநகருக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் அளவு. அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன் என்பதால், லண்டனிலிருந்து ஹவாய்க்குப் போகிறவர் 2010 நவம்பரில் சாதாரண வகுப்பில் 60 பவுண்டு வரி கட்டினார்; அதைவிட மிக அருகில் உள்ள கரீபியத் தீவான பார்படோசுக்குப் போகிறவர் 75 பவுண்டு கட்டினார். பிரிட்டிஷ் பயணிகளைப் பெரிதும் நம்பியிருந்த கரீபியத் தீவுகள் பல ஆண்டுகள் வாதாடின. 2015 ஏப்ரலில்தான் அந்த மேல்பட்டைகள் நீக்கப்பட்டன. தன் வாடிக்கையாளருக்கு விதிக்கப்படும் வரியைப் பற்றிப் பேச, வாக்குரிமையே இல்லாத ஒரு நாடாளுமன்றத்தின் வாசலில் தீவுகள் காத்திருக்க நேர்ந்தது.

இனி, நான் அருகிலிருந்து பார்த்த மாலத்தீவுக்கு வருகிறேன். 2008-இல் அங்கு ஏறத்தாழ 6.83 இலட்சம் பயணிகள் வந்தார்கள். 2009-இல் அது 6.56 இலட்சமாகக் குறைந்தது. சரிவு நான்கு விழுக்காடுதான். இந்த எண்ணைப் பார்த்து, நெருக்கடி பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை அந்த அளவில் நிறுத்துவதற்கு விடுதிகள் என்ன விலை கொடுத்தன என்பது அந்த எண்ணுக்குள் தெரியாது. ஐந்து இரவுக்குப் பணம் கட்டினால் ஏழு இரவு தங்கலாம், காலை உணவுக்கான கட்டணத்தில் மூன்று வேளை உணவும் தரப்படும், விமான நிலையத்திலிருந்து விடுதிக்குக் கடல்விமானப் பயணம் இலவசம் என்று சலுகைகள் அடுக்கப்பட்டன. வந்தவர்களும் மதுவகம், நீர்மூழ்கு பயிற்சி, படகுச் சுற்றுலா ஆகியவற்றில் செலவைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதில் யாருடைய வருமானம் போனது என்பதைச் சொல்ல, சேவைக் கட்டணம் எப்படிப் பகிரப்படுகிறது என்பதை விளக்க வேண்டும். மாலத்தீவு விடுதிகளில் விருந்தினரின் பில் தொகையில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமாகச் சேர்க்கப்பட்டு, மாதக் கடைசியில் ஊழியர்களுக்குப் பங்கிடப்படும். அடிப்படைச் சம்பளம் சிறியது. அறையைச் சுத்தம் செய்பவருக்கும், பரிமாறுபவருக்கும், தோட்ட வேலை செய்பவருக்கும் குடும்பத்தை நடத்த உதவுவது இந்தப் பங்குதான். ஓர் அறையின் ஓர் இரவுக் கட்டணம் 400 டாலராக இருந்து சலுகையில் 250 டாலராக இறங்கினால், அந்த அறையிலிருந்து ஊழியர்களின் தொகுப்புக்கு வரும் 40 டாலர் 25 டாலராகிறது. ஆனால் விரிப்பு மாற்ற வேண்டிய கட்டில் அதேதான், துவைக்க வேண்டிய துண்டுகளும் அத்தனைதான். விடுதி நிரம்பியிருக்கிறது என்று வெளியே அறிக்கை போகும் மாதத்தில், சேவைக் கட்டணப் பட்டியலை ஒட்டும் பலகையின் முன் நின்று, தன் பெயருக்கு நேரே உள்ள தொகையை இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். கணக்கில் பிழை இல்லை என்று மட்டுமே என்னால் அவர்களுக்குச் சொல்ல முடிந்தது.

விடுதி உரிமையாளர் ஏன் இன்னும் சற்றுத் தாராளமாக நடந்துகொள்ளவில்லை என்று கேட்கலாம். தீவு விடுதியின் செலவில் பெரும்பகுதி, விருந்தினர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துக் குறைவதில்லை. தனித்தீவில் மின்சாரம் சொந்த டீசல் ஜெனரேட்டரிலிருந்தும், குடிநீர் கடல்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்தும் வருகின்றன. பாதி அறைகள் காலியாக இருந்தாலும் குளிர்பதன அறைகளும் பணியாளர் குடியிருப்பும் இயங்கியே ஆக வேண்டும். தீவுக்கான குத்தகை, வங்கிக் கடன் ஆகியவையும் டாலரில் கட்டப்பட வேண்டியவை. விருந்தினரின் பயணச்சீட்டு விலையை ஏற்றிய அதே எண்ணெய்தான் இந்த ஜெனரேட்டருக்கும் வேண்டும் என்பதால், வரவைக் குறைக்கும் காரணமே செலவையும் ஏற்றுகிறது. பசுமையான காய்கறி, பழம், பால்பொருள்களில் ஒரு பகுதி பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில்தான் வருகிறது. வாரத்தில் இரண்டு விமானங்கள் குறைந்தால் விருந்தினர் மட்டுமல்லாமல் அவர்களுக்கான கீரையும் குறைகிறது, மீதமுள்ள இடத்துக்குக் கட்டணமும் ஏறுகிறது.

மற்றொரு பாதிப்பு புள்ளிவிவரத்திலேயே ஏறாது. மாலத்தீவு விடுதிகளில் வங்கதேசம், இலங்கை, இந்தியா, நேபாளம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். சிக்கனம் வரும்போது யாரையும் நீக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் போதும். அவர் விமானம் ஏறியவுடன் தீவின் வேலையில்லாதோர் கணக்கிலிருந்தும் போய்விடுகிறார். அவருடைய மாதாந்தரப் பணத்தை நம்பிக் கடன் வாங்கியிருந்த குடும்பம் வேறொரு நாட்டின் கிராமத்தில் இருக்கிறது. அப்போது கடன் கிடைக்காமல் பாதியில் நின்ற புதிய விடுதிகளின் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இது எல்லோருக்கும் முன்பே நேர்ந்தது.

சுற்றுலாப் பயணியை நேரில் பார்க்காதவர்களையும் இந்த அடி எட்டுகிறது. ஹவாயில் 2007-இல் 75 இலட்சத்தைத் தாண்டியிருந்த வருகை, 2009-இல் 65 இலட்சத்தை ஒட்டிச் சுருங்கியது. மாநில வருவாயும் சரிந்தது. பற்றாக்குறையைச் சமாளிக்க, 2009–10 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளை 17 வெள்ளிக்கிழமைகள் மூடுவது என்று முடிவாயிற்று. ஆசிரியர்களுக்கு அந்த நாட்கள் ஊதியமில்லாத கட்டாய விடுப்பு. எங்கோ ஒரு நகரத்தில் ஒருவர் தன் விடுமுறையை ரத்து செய்ததன் விலையை, ஒன்பது வயதுக் குழந்தை தன் பள்ளி நாளாகக் கொடுத்தது என்பதை நினைக்கும்போது, சுற்றுலாவைத் தனியார் தொழில் என்று மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. அதே காலத்தில் விடுதி அறைகள் மீதான மாநில வரி 7.25 விழுக்காட்டிலிருந்து 2009-இல் 8.25 ஆகவும், 2010-இல் 9.25 ஆகவும் உயர்ந்தது. விருந்தினர் தயங்கும் வேளையில் அறையின் விலையை ஏற்றுவது தவறு என்று தோன்றலாம். ஆனால் பள்ளி மூடப்படும் நிலையில் அரசுக்கு வேறு வருவாய் வழிகள் அதிகம் இருக்கவில்லை.

மாலத்தீவு அரசும் 2009-இல் ஊழியர் சம்பளத்தைக் குறைத்து, ஆண்டு இறுதியில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டத்துக்குள் சென்றது. இதற்கு முந்தைய ஆண்டுகளின் அதிகச் செலவும் காரணம். மந்தநிலையை மட்டும் குறை சொல்ல முடியாது. டாலருக்கு 12.85 மாலத்தீவு ரூபியா என்று நிலையாக வைத்திருந்த மாற்று விகிதம் 2011 ஏப்ரலில் தளர்த்தப்பட்டு 15.42 வரை போனது. உணவு, எரிபொருள், மருந்து என ஏறக்குறைய எல்லாமே இறக்குமதியாகும் நாட்டில் அது சமையலறை வரை எட்டும் விலையேற்றம்.

எந்தத் தீவு இதைச் சற்று நன்றாகத் தாங்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே திசையிலிருந்து வரும் விருந்தினரை நம்பாத தீவு ஓரளவு தாங்கும். ஐரோப்பியர் தயங்கிய அந்த ஆண்டுகளில் சீனப் பயணிகள் பெருகி, 2010-இல் மாலத்தீவின் முதலிடச் சந்தையாகச் சீனா பிரிட்டனை முந்தியது. அது இல்லாவிட்டால் மீட்சி இன்னும் தாமதமாகியிருக்கும். எண்ணெயில் ஓடும் மின்சாரத்தைக் குறைப்பது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து, ஏனெனில் அது ஒன்றுதான் வரவும் செலவும் ஒரே நேரத்தில் கெடுவதைத் தடுக்கும். மின்சாரத்தில் பெரும்பகுதியை எண்ணெயிலிருந்தே எடுத்துவந்த ஹவாய், 2045-க்குள் முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற வேண்டும் என்று 2015-இல் சட்டம் இயற்றியது.

இன்னொன்று, விருந்தினரின் பணம் எத்தனை கைகளில் தங்குகிறது என்பது. மாலத்தீவில் நெடுங்காலம் பயணிகள் பெரும்பாலும் மக்கள் வாழாத தனித்தீவுகளிலேயே தங்கினார்கள். நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில், மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் அவை வேகமாகப் பெருகின. அங்கே தங்குபவர் குறைவாகவே செலவழிக்கிறார் என்றாலும், அவர் அரசுப் படகில் வருகிறார், தெருவில் உள்ள உணவகத்தில் சாப்பிடுகிறார், அந்தத் தீவுக்காரரின் தோணியில் மீன்பிடிக்கப் போகிறார். எங்கள் விடுதியில் சேவைக் கட்டணம் சுருங்கிய ஆண்டில் வேலையை விட்டுப் போன ஒரு மாலத்தீவு இளைஞர், தன் தந்தையின் வீட்டில் இரண்டு அறைகளைச் சேர்த்துக் கட்டி அப்படியொரு இல்லத்தைத் தொடங்கினார். வருமானம் எப்படி என்று கேட்டபோது, விடுதியில் கிடைத்ததைவிடச் சில மாதங்களில் குறைவுதான் என்றும், ஆனால் விலையைக் குறைப்பதா வேண்டாமா என்பதைத் தானே முடிவு செய்வதாகவும் சொன்னார்.