கல்லூரிக்கே போகாமல் பி.எட். முடிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு கோவையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. 'கிளாசுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்' என்கிற கல்லூரியில் சேர்ந்து பி.எட். வாங்கிவிடலாமா?

நானும் கணிதம்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் மூன்று வருஷம் பில் போட்டுக்கொண்டிருந்தவள். 2016-இல் வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தேன், 2018-இல் முடித்தேன். இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். அரசு வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆக, இதை ஜெயித்தவள் சொல்கிற அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சொல்கிற மாதிரிக் கல்லூரிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஊருக்கு ஒரு புரோக்கரும் இருப்பார். விதிப்படி பார்த்தால் வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். அதை நோட்டில் மட்டும் காட்டுவதற்குத்தான் அந்தக் கல்லூரிகள் கூடுதலாகப் பணம் வாங்குவது. என் சித்தி மகள் அப்படிப் படித்தவள்தான். ரெக்கார்டு நோட்டெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதிக் கொடுத்தது, அட்டையில் பெயர் மட்டும் இவளுடையது. சர்டிபிகேட் அசல், மார்க் என்னைவிடக் கூட. வேலையும் கிடைத்தது. முதல் நாள் ஏழாம் வகுப்பில் நாற்பது நிமிடப் பாடத்தைப் பன்னிரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் அட்டெண்டன்ஸை இரண்டாம் முறை எடுத்திருக்கிறாள். பிள்ளைகளும் சளைக்காமல் இரண்டாம் முறையும் 'உள்ளேன் ஐயா' சொல்லியிருக்கிறார்கள். அவள் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்த வருஷம் முழுக்க ஞாயிறு சாயங்காலம் ஆனாலே அவளுக்கு வயிற்றைப் பிசையும்.

எங்கள் டீச்சர்கள் காலத்தில் பி.எட். ஒரே வருஷம். 2015–16-லிருந்து இரண்டு வருஷம். தமிழ்நாட்டில் 2008-இல் வந்த கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் பி.எட். கல்லூரிகள் இருக்கின்றன. டிகிரியில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 இருந்தால் சேரலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு மார்க் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். எனக்கு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. மார்க் வரும் என்றால் முதலில் அங்கேதான் முயற்சி செய்யுங்கள். தனியாரில் நல்லவை இல்லாமல் இல்லை, தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் வருஷம் பெரும்பாலும் தியரி. குழந்தை வளர்ச்சி, கற்றல் கற்பித்தல், கல்வியின் சமூகப் பின்னணி, அப்புறம் உங்கள் பாடத்தின் கற்பித்தல் முறை. குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேவும் வைகாட்ஸ்கியும் அங்கேதான் அறிமுகம். சும்மா ஒப்பித்துவிட்டுப் போகாதீர்கள், பின்னால் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இதிலிருந்துதான் 30 மார்க். 'பாடங்கள் தோறும் மொழி' என்று ஒரு தாள் வரும். கணக்கு டீச்சருக்கு எதற்கு மொழி என்று நாங்கள் கடைசி பெஞ்சில் சிரித்த தாள் அது. அதற்கு மறுபடி வருகிறேன்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு, எல்லாரும் மைக்ரோ டீச்சிங் என்றுதான் சொல்வோம். கூடப் படிக்கிறவர்களையே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வைத்து, ஒரே ஒரு திறனை மட்டும் ஆறு நிமிடம் செய்து காட்ட வேண்டும். பாடம் தொடங்குவது, கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது இப்படி. ஆறு நிமிடம் குறை சொல்வார்கள், பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தி எழுதி, மறுபடி ஆறு நிமிடம் எடுத்து, மறுபடி ஆறு நிமிடம் குறை கேட்க வேண்டும். மொத்தம் 36 நிமிடம். எருமை மாடு மாதிரி வளர்ந்தவர்கள் 'மிஸ், ஒன்னுக்கு' என்று கை தூக்குவார்கள். நாடகம்தான். ஆனாலும் தப்பு செய்தால் அழாத பிள்ளைகள் முன்னால் தப்பு செய்து பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

இரண்டாம் வருஷத்தில் 16 வாரம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். நீங்கள் தவிர்க்க நினைப்பது இதைத்தான். பி.எட். என்பதே இந்த 16 வாரம்தான் என்பேன், மற்றதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

என்னை ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கைடு டீச்சராக வந்தவர் ஒரு கணக்கு சார், அதிகம் பேச மாட்டார். எட்டாம் வகுப்பில் என் முதல் பாடம். இரண்டு ராத்திரி முழித்து எழுதிய லெசன் பிளான், கலர் சார்ட் எல்லாம் ரெடி. போர்டில் நான் எழுதிய முதல் வரி இடப்பக்கம் ஆரம்பித்து வலப்பக்கம் மலையேறிவிட்டது. இரண்டாம் வரி அதைவிடவும் ஏறியது. பத்து நிமிடம் கழித்து ஓரத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மிஸ், பளபளன்னு இருக்கு, ஒண்ணுமே தெரியல" என்றாள். சார் பின்னாலிருந்து எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது ஜன்னலின் ஒற்றைக் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். போர்டு தெரிந்தது.

கரும்பலகைத் திறனுக்கு மைக்ரோ டீச்சிங்கில் எனக்கு நல்ல மார்க். காலை பத்து மணி வெயில் எந்த ஜன்னல் வழியாக எந்த பெஞ்சுக்குப் போர்டை மறைக்கும் என்பதற்கு அதில் மார்க் கிடையாது. அன்றிலிருந்து இன்று வரை எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் கடைசி பெஞ்சில் போய் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்காமல் நான் சாக்பீஸ் எடுப்பதில்லை. அன்று சார் என் நோட்டில் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: 'வரி வலப்பக்கம் ஏறுகிறது.'

இன்னொன்று சொல்ல வேண்டும். 'வாழ்வியல் கணிதம்' பாடம், இலாபம் நட்டம். என் லெசன் பிளானில் 'மாணவர்கள் இலாப சதவீதத்தைக் கணக்கிடுவர்' என்று எழுதியிருந்தேன். (லெசன் பிளானில் பிள்ளைகள் எல்லாமே செய்துவிடுவர். அறிவர், உணர்வர், கணக்கிடுவர்.) ஒரு பையன் மட்டும் மூன்று நாளாக நோட்டை வெள்ளையாகவே வைத்திருந்தான். 'கணக்கில் பின்தங்கியவர்' என்று என் பட்டியலில் அவன் பெயரை எழுதியும்விட்டேன். நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கை நானே வாய்விட்டுப் படித்தேன். ஒரு பொருளை 1,200 ரூபாய்க்கு வாங்கி 15 சதவீத இலாபத்தில் விற்றால் விற்ற விலை என்ன? நான் முடிப்பதற்குள், "ஆயிரத்து முந்நூத்து எண்பது" என்றான்.

"எப்புட்றா?"

"நூறுக்குப் பதினஞ்சுன்னா, பன்னெண்டு நூறுக்கு நூத்தியெண்பது மிஸ்."

சனி ஞாயிறு மாமாவின் செல்போன் கவர் கடையில் நிற்கிறவன். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை, கணக்கில் இருந்த தமிழைப் படிக்க வரவில்லை. நாங்கள் சிரித்த அந்த மொழித் தாளை அன்று ராத்திரிதான் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தேன். அடுத்த நாள் பட்டியலில் 'கணக்கில்' என்பதை அடித்துவிட்டு 'வாசிப்பில்' என்று மாற்றினேன். மிச்ச வாரங்களில் மதிய இடைவேளை பத்து நிமிடம் அவனுக்கு. முழுசாகச் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். நான் கிளம்பும்போது கேள்வியை எழுத்துக்கூட்டி அவனே படித்தான், அவ்வளவுதான்.

இதை ஜெராக்ஸ் கடையில் எழுதி வாங்க முடியாது.

எரிச்சலும் நிறைய உண்டு. ரெக்கார்டு எழுதி எழுதி விரல் காய்த்துவிடும். பள்ளிகளில் சில இடத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் என்றாலே லீவு போட்ட டீச்சருக்கு மாற்று ஆள், ஆபீஸ் வேலைக்கு எடுபிடி. வருஷக் கடைசியில் பிராக்டிக்கல் போர்டு, அதாவது செய்முறைத் தேர்வு நடத்துகிறவர்கள், வரும்போது, 'வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும்' என்று தலைக்கு ஒரு தொகை வசூலித்தார்கள். ரசீது கேட்டேன். ரசீது வரவில்லை, அடுத்த இரண்டு வாரம் முறைப்புதான் வந்தது.

இப்போது கசப்பான பாகம். பி.எட். முடித்தால் டீச்சர் வேலைக்குத் தகுதி வரும், வேலை வராது. எட்டாம் வகுப்பு வரை எடுக்க டெட் பாஸ் பண்ண வேண்டும், நமக்குத் தாள் 2. 150 மார்க்கில் சைக்காலஜி 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, கணக்கும் அறிவியலும் சேர்த்து 60. கணக்கு படித்தவர்கள் உயிரியலையும் ஒரு கை பார்த்துத்தான் ஆக வேண்டும். நான் எழுதியபோது பாஸ் ஆகப் பொதுப் பிரிவுக்கு 90 மார்க், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 82. நான் 2019-இல் கோட்டைவிட்டேன். அடுத்த தாள் 2 நடந்ததோ 2023 பிப்ரவரியில், அதில் பாஸ். ஒருமுறை பாஸ் செய்தால் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் 2018-இல் வந்த அரசாணைப்படி டெட் பாஸ் ஆனவர்களுக்கும் வேலைக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வு. 2024 பிப்ரவரியில் அதையும் எழுதினேன், என் பிரிவு கட்-ஆப் கொஞ்சத்தில் போய்விட்டது. எம்.எஸ்சி. முடித்தால் பதினொன்று, பன்னிரண்டு எடுக்கும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் போகலாம், அதற்கும் பி.எட். வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு பி.எட். செல்லாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியார் பள்ளிச் சம்பளம், நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எனக்கு பனியன் கம்பெனிச் சம்பளத்தைத் தொடவே நாலு வருஷம் ஆயிற்று. வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வேலையை விடாமல் அஞ்சல் வழியில் படிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.எட். உண்டு. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவர்கள் மாதிரி, முன்பயிற்சி உள்ளவர்களுக்கு. கம்பெனியிலிருந்து நேராக அங்கே போக முடியாது.

அதனால் என் பதில்: சேருங்கள், ஆனால் தினமும் வகுப்புக்குப் போகிற மாதிரிக் கல்லூரியில் சேருங்கள். பணம் கட்டும் முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கே போய், வகுப்பில் எத்தனை தலை என்று எண்ணுங்கள். பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று போன வருஷம் முடித்தவர்களைக் கேளுங்கள், ஆபீசில் கேட்காதீர்கள்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது தெரிந்திருக்கும். ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற பழைய ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் பாஸ் ஆக வேண்டும் என்று. அந்த வாரம் எனக்கு ஒரு போன். ஜன்னல் சாத்திய அதே சார். அவருக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கிறதாம். "ஏம்மா, சைக்காலஜி நோட்ஸ் ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து, பி.எட். நோட்டிலிருந்து பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் இருபத்து மூன்று பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது.

"கிடைத்தது. நன்றி. வரி இன்னும் வலப்பக்கம் ஏறுது."