எட்டாம் லெவலில் மிதித்தால் தசைப் பயிற்சி ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 52. வீட்டில் மேக்னட்டிக் எக்ஸர்சைஸ் சைக்கிள் வாங்கி, வாரத்தில் 5 நாள் அரை மணி நேரம் மிதிக்கிறேன். திருகில் 1 முதல் 8 வரை 'ரெசிஸ்டன்ஸ்' என்று போட்டிருக்கிறது. எட்டில் வைத்தால் தனியாகத் தசைப் பயிற்சி வேண்டாம் என்கிறார்கள். ஆனால் எட்டில் முட்டி வலிக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: எட்டில் வைத்தாலும் அது கார்டியோதான், அதாவது இதயத்துக்கும் நுரையீரலுக்குமான பயிற்சி. திருகைத் திருப்பினால் உள்ளே காந்தங்கள் சக்கரத்தை நெருங்குகின்றன, பெடல் கனக்கிறது. ஆனால் தசைப் பயிற்சி என்றால், 8 முதல் 12 முறை செய்வதற்குள் 'இனி ஒன்றிரண்டுதான் முடியும்' என்று தசை சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் அரை மணியில் ஒவ்வொரு காலும் 1,800 முறை தள்ளுகிறது. அத்தனை முறை தள்ள முடிகிற பாரம் தொடைக்குப் போதாது. புதிதில் சில வாரம் கால் கொஞ்சம் வலுப்படும், பிறகு அப்படியே நின்றுவிடும். உடல் எடையை சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கும் பெரிதாகப் பயனில்லை. உங்கள் வயதில் தசைப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

முட்டி வலிக்கு முதலில் சீட்டைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. ஒரு துளை உயர்த்துங்கள். மிதிக்கும்போது முன்பாதம்தான் பெடலில் இருக்க வேண்டும். லெவலை 3 அல்லது 4-க்குக் குறைத்து, நிமிடத்துக்கு 70 சுற்றாவது வருகிற மாதிரி மிதியுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பிறகும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரத்துக்கு 150 நிமிடம் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அதே பரிந்துரையில் உள்ள 2 நாள் தசைப் பயிற்சிதான் பாக்கி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருங்கள். 12 முறை சுலபமானதும் 5 லிட்டர் தண்ணீர் கேனை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். அடுத்து, சுவரில் கை ஊன்றி புஷ்-அப். பிறகு ஜன்னல் கம்பியில் உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்ட் கட்டி, இடுப்பை நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றும் 2 சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். பேண்டில் வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

கேள்வி: படி ஏறுவதுபோல் நின்று மிதிக்கும் ஸ்டெப்பர் கருவி கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிறதே, பழுதா?
- வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் இல்லை. சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகி இளகுகிறது. ஆறவிட்டால் பழையபடி இறுகும். தண்டில் எண்ணெய் கசிந்திருந்தால் மட்டும் சிலிண்டரை மாற்ற வேண்டும். சூடான சிலிண்டரைக் கையால் தொடாதீர்கள், சுடும்.