இரண்டு கறுப்பு லாப்ரடாருக்கு மஞ்சள் குட்டி பிறக்குமா?

உங்கள் ஜோடியில் தாயும் தந்தையும் கறுப்பு. எட்டுக் குட்டிகளில் நான்கு கறுப்பு, ஒன்று பழுப்பு, மூன்று மஞ்சள். வேறு நாய் சேர்ந்திருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பாவம் அந்த ஆண் நாயைச் சந்தேகிக்க வேண்டாம்.

குட்டிகளின் நிறத்தைக் கணிக்க, பெற்றோரின் மரபணுக்கள் எப்படிச் சேரும் என்று நீங்கள் போட்ட கட்டத்தில் ஒரே ஒரு மரபணுதான் இருக்கிறது; சிக்கல் அங்கேதான். லாப்ரடாரின் நிறத்துக்கு முக்கியமாக இரண்டு மரபணுக்கள் பொறுப்பு. ஒன்று, நிறமி கறுப்பா பழுப்பா என்று தீர்மானிக்கிறது. இதில் கறுப்பு ஓங்கு பண்பு: பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். மற்றொன்று, அந்த நிறமியை ரோமத்தில் ஏறவிடுகிறது. இதன் ஒடுங்கு வடிவம், அதாவது ஓங்கு வடிவம் கூட இருந்தால் வெளியே தெரியாத வடிவம், தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், முதல் மரபணு என்ன சொன்னாலும் ரோமம் மஞ்சள்தான். உங்கள் ஜோடி இரண்டு மரபணுக்களிலும் ஒடுங்கு வடிவத்தை மறைத்து வைத்திருக்கிறது. அப்போது கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என எதிர்பார்க்கும் விகிதம் 9:3:4. எட்டுக் குட்டிகளுக்குச் சராசரி நாலரை, ஒன்றரை, இரண்டு. உங்கள் கணக்கு அதை ஒட்டியே வந்திருக்கிறது.

மஞ்சள் குட்டிகளின் மூக்கைக் கவனியுங்கள். பிறந்தவுடன் வெளிறியிருக்கும்; சில வாரங்களில் நிறம் ஏறும். மூக்கும் இமையோரமும் கறுத்தால் உள்ளே இருப்பது கறுப்பு நிறமி. பழுப்பிலேயே நின்றுவிட்டால் இரண்டு மரபணுக்களிலும் ஒடுங்கு வடிவம் மட்டுமே.

அடுத்த ஈற்றில் எல்லாமே கறுப்பாக வேண்டும் என்றால் இதே ஜோடியை நம்பாதீர்கள்: எட்டும் கறுப்பாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். மரபணுப் பரிசோதனையில் ஒடுங்கு வடிவம் எதுவும் இல்லாத கறுப்பு ஆணைத் தேடுங்கள். தந்தை யார் என்பதற்கோ டிஎன்ஏ பரிசோதனைதான் வழி. நாய்களில் ஒரே ஈற்றுக்கு இரண்டு தந்தைகளும் இருக்க முடியும்.