போவதற்கு ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நடப்பதைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், நடப்பவர் மீது இவ்வளவு அக்கறை காட்டும் நகரங்கள் ஆசியாவில் குறைவு என்று சிங்கப்பூரைப் பாராட்டியிருந்தீர்கள். அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால், எங்களோடு மூன்று மாதம் தங்க மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, இங்கே செங்காங் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தைத் தாண்டிப் போவதேயில்லை. அவருக்கு 71 வயது. ஊரில் தினமும் காலையில் மாசி வீதிப் பக்கம் நடந்துபோய்க் காய்கறி வாங்கி, நாலு பேரிடம் பேசிவிட்டு வருபவர். இங்கே மேடுபள்ளமில்லாத பாதை இருக்கிறது, வெயிலுக்கும் மழைக்கும் கூரை இருக்கிறது. கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போறதுக்கு ஒரு இடம் வேணும்ல" என்கிறார். குறை நகரத்திடமா, எங்களிடமா?

வாசகர், செங்காங்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரி இரண்டு நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கட்டுரையில் விடுபட்டது அதுதான். பாதை எவ்வளவு செம்மையாக இருக்கிறது என்று எழுதினேனே தவிர, அது ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று நான் கேட்கவில்லை.

நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்து 2018இல் முடித்த திட்டத்தில் சுமார் 200 கிலோமீட்டர் கூரை நடைபாதைகள் புதிதாக அமைக்கப்பட்டன. எம்ஆர்டி என்னும் பெருவிரைவு ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்கும், எல்ஆர்டி என்னும் இலகு ரயில் நிலையங்கள், பேருந்து முனையங்கள் ஆகியவற்றைச் சுற்றி 200 மீட்டருக்கும் அவை போடப்பட்டன. மாலை மழையில் குடையில்லாமல் ரயிலிலிருந்து இறங்கி வீடு சேர்ந்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆனால், அந்த வட்டங்கள் எல்லாவற்றுக்கும் நிலையமே நடுப்புள்ளியாக இருப்பதைக் கவனியுங்கள். வேலைக்கும் பள்ளிக்கும் விரைகிறவரின் நடையை மனத்தில் வைத்து வரையப்பட்ட வட்டங்கள் அவை. ரயிலேறும் தேவையே இல்லாத ஒருவருக்கு அந்தக் கூரை, தான் போக வேண்டாத இடத்துக்கு இட்டுச்செல்லும் கூரையாகவே இருக்கிறது.

இந்த ஊரில் கூரையிட்ட நடைபாதை புதிய செய்தி அன்று. தெருவின் இரு புறமும் தொடர்ச்சியாக, கூரையோடு, எந்நேரமும் திறந்திருக்கும் நடைவழி இருக்க வேண்டும் என்று 1822ஆம் ஆண்டிலேயே, நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் தம் நகரமைப்புக் குழுவுக்கு அறிவுறுத்தியிருக்கிறார். நம் மூத்த தலைமுறையினர் அஞ்சடி என்று சொன்னது அந்த நடைவழியைத்தான். ஒரு நாள் அம்மாவை லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்கு அழைத்துப்போய், சிராங்கூன் சாலை அஞ்சடியில் அவர் போக்கில் நடக்கவிடுங்கள். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் முழுவதும் கடை. பூக்கட்டுகிறவரின் மேசையைக் கடந்தால் மளிகைக் கடை வாசலில் அடுக்கிய தேங்காய், அதற்கப்பால் நாணயம் மாற்றுபவரின் கண்ணாடிக் கூண்டு. தரைமட்டம் கடைக்குக் கடை ஏறி இறங்குகிறது, சக்கர நாற்காலிக்காரர் அங்கே படும் பாடு பெரும்பாடு. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆயினும் அங்கே ஒருவர் ஐந்நூறு மீட்டர் நடந்ததை உணர்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பத்தடியிலும் நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புளோக்குகளுக்கு இடையே போகும் புதிய கூரைப் பாதைகளிலோ நிழல் கிடைக்கிறது, நிற்பதற்குக் காரணம் கிடைப்பதில்லை.

தோ பாயோ, அங் மோ கியோ போன்ற பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் புளோக்கின் அடியிலேயே கடைகள், சற்றுத் தள்ளி மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, அதனோடு ஒட்டிச் சிறு உணவுக் கடைகள் கூடிய உணவங்காடி நிலையம் என்று கட்டினார்கள். 1986க்குப் பிறகு ஏறத்தாழ 25 ஆண்டுகள் அரசாங்கம் புதிய உணவங்காடி நிலையம் எதையும் கட்டவில்லை. மீண்டும் கட்டப்போவதாக 2011இல்தான் அறிவிப்பு வந்தது. உங்கள் செங்காங்கும் பக்கத்திலுள்ள பொங்கோலும் வளர்ந்தது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். கடைகள் நிலையத்தை ஒட்டிய குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிக்குள் போய்விட்டன. அம்மா கேட்கும் "இடம்" உங்கள் வட்டாரத்துக்கு அண்மைக் காலத்தில்தான் வரத் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை நான் என் மாமனாரிடம் கற்றுக்கொண்டேன். அவருக்கு 79 வயது. எங்களோடு அங் மோ கியோவில் இருக்கிறார். சந்தைக்கு நான் எட்டு நிமிடத்தில் போய்விடுவேன், அவருக்கு 25 நிமிடம் ஆகும். கூரைப் பாதை திரும்பும் இடத்தில், தூணுக்குப் பக்கத்தில், யாரோ வீட்டில் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன பழைய மர நாற்காலி ஒன்று இருந்தது. ஒரு கால் குட்டையானதால் அதன் அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். மாமா கைத்தடியைத் தூணில் சாய்த்துவிட்டு உட்காருவார். இடது முழங்காலை இரண்டு தடவை உள்ளங்கையால் தேய்ப்பார். எதிரே வருகிற சீனப் பாட்டி தள்ளுவண்டியை நிறுத்தி, அன்றைக்கு மீன் எப்படி என்பதைக் கையசைவில் சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் அந்த நாற்காலி அகற்றப்பட்டிருந்தது. மாமா தூண்வரை வந்து, அது இருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பினார். அதன் பிறகு ஒன்பது நாட்கள் அவர் சந்தைக்குப் போகவில்லை. பத்தாம் நாள் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை யாரோ சைக்கிள் பூட்டால் அதே தூணோடு பிணைத்து வைத்திருந்தார்கள். அவரும் பழையபடி புறப்பட்டார்.

வயதானவருக்குத் தூரம் என்பது ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைவரை உள்ள இடைவெளிதான் என்று அந்த ஒன்பது நாட்களில் எனக்கு விளங்கியது. திட்ட வரைபடத்தில் எழுதியிருக்கும் 400 மீட்டரை அவர்கள் முட்டியால் அளக்கிறார்கள்.

சாலையைக் கடப்பதிலும் இதே கணக்குதான். 1964இல் கோலியர் கீயில் முதல் பாதசாரி மேம்பாலம் வந்தபோது, நடப்பவர் படியேறி இறங்க, வாகனம் நிற்காமல் போனது. பல ஆண்டுகள் அதுவே முறையாக இருந்தது. 2009இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, மூத்தோர் தம் சலுகை அட்டையைச் சமிக்ஞைக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 விநாடிவரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். 2014 முதல் மூத்தோர் மிகுந்த பகுதிகளில் வேகத்தைக் குறைத்து, நடுவில் நின்று இரண்டு கட்டமாகக் கடக்கும்படி சாலைகளைத் திருத்தி வருகிறார்கள். கூடுதல் விநாடிகள் ஒரு முதியவருக்குத் தரும் துணிவைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா வருகையாளர் என்பதால் அந்த அட்டை அவரிடம் இராது. பெரிய சாலையை அவர் தனியே கடக்கத் தயங்கினால் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நடைபாதையில் மின்ஸ்கூட்டர் 2019 நவம்பரிலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. சைக்கிள் பாதையை ஒட்டி நடப்பவருக்கென்றே ஒதுக்கிய தடத்தில் 2025 ஜூலையிலிருந்து சைக்கிளும் வரக்கூடாது. பின்னாலிருந்து மணியடித்தால் அவர் திடுக்கிடுவார் என்றால், அந்தத் தடத்தைக் காட்டிக்கொடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் உடன்படவில்லை. மாசி வீதி நடப்பதற்கு நல்ல இடம் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இருசக்கர வாகனங்களுக்கு நடுவே ஒதுங்க ஓரமில்லாமல் அவர் அங்கே நடப்பது, அவரை அந்தத் தெரு அறிந்திருப்பதால்தான். தடுமாறினால் பெயர் சொல்லிக் கைகொடுக்க ஆள் இருக்கிறது. அந்த அறிமுகத்தை எந்த ஆணையமும் கட்டித்தர முடியாது, ஆனால் அது முளைப்பதற்குரிய இடத்தை ஒதுக்கித்தர முடியும்.

எனவே உடற்பயிற்சி என்று சொல்லி அம்மாவை அழைக்காதீர்கள். செங்காங்கிலேயே உள்ள பெர்ன்வேல் சந்தை உங்களுக்கு எட்டும் தூரமென்றால், சனி ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ஒரே வழியில், ஒரே காய்கறிக்காரரிடம் அழைத்துப்போங்கள். காசை அவரே எண்ணிக் கொடுக்கட்டும். மூன்றாவது வாரம் கடைக்காரர் அவரைப் பார்த்துத் தலையசைப்பார். போகும் வழியில் அம்மா முதலில் எங்கே நிற்கிறார், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்து, புளோக் எண்ணோடு எனக்கு எழுதுங்கள். அந்த இடத்தில் ஓர் இருக்கை வேண்டுமென்று உங்கள் நகர மன்றத்துக்கு நாம் இருவரும் சேர்ந்து கடிதம் அனுப்புவோம். அம்மாவும் அதில் கையெழுத்திடட்டும்.

அன்புடன்