கல்யாண வீடியோவில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை: போர்டு மாற்ற வேண்டுமா?

கேள்வி: மகளின் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் நன்றாகப் பாடியது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் படம் தெரிகிறது, சத்தம் வரவில்லை. யூடியூபில் பாட்டு கேட்கிறது. மகன் போனிலும் அந்த வீடியோ ஊமையாகத்தான் ஓடுகிறது. வேலூரில் ஒரு கடையில் காட்டினேன். "சவுண்ட் ஐசி போய்விட்டது, போர்டு வேலை, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். இன்னொரு கடையில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
(குடியாத்தம் வாசகர் ஒருவர்)

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். யூடியூபில் பாட்டு கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லேப்டாப்பின் ஸ்பீக்கரும் சவுண்ட் ஐசியும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அது போதும். யூடியூப் பாட்டும் கல்யாண வீடியோவும் ஒரே ஐசி வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகின்றன. ஐசி போயிருந்தால் இரண்டுமே கேட்காது. வாரன்டி இருக்கும் லேப்டாப்பை வெளிக்கடையில் திருப்புளி போட்டுத் திறந்தால், நாளைக்கு நிஜமாகவே ஏதாவது போகும்போது கம்பெனி கையை விரித்துவிடும்.

கோளாறு அந்த வீடியோ கோப்புக்கும், அதை ஓட்டும் பிளேயருக்கும் நடுவில்தான். ஒரு வீடியோ கோப்புக்குள் படம் தனியாகவும் ஒலி தனியாகவும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்துப் படிக்கும் சிறு நிரலுக்குக் கோடெக் என்று பெயர். படத்துக்கான கோடெக் இருந்து, ஒலிக்கான கோடெக் இல்லையென்றால் இப்படித்தான் படம் மட்டும் ஓடும். கல்யாண வீடியோக்களில் இது அடிக்கடி நடக்கக் காரணம் உண்டு. பானசோனிக், சோனி கேமராக்களில் ஏவிசிஎச்டி முறையில் எடுத்தால், ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏசி-3 முறையில் பதியும். கோப்பின் பெயர் எம்டிஎஸ் அல்லது எம்2டிஎஸ் என்று முடிந்தால் உங்கள் கதையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-ல் ஏசி-3 கோடெக் கூடவே வந்தது, பழைய கம்ப்யூட்டர் பாடியது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்ப்பதில்லை. இத்தனைக்கும் ஏசி-3 மீதான காப்புரிமைகள் 2017-லேயே காலாவதியாகிவிட்டன. ஐம்பது, அறுபதாயிரம் கொடுத்து லேப்டாப் வாங்குகிறவருக்கு "இதில் இன்ன வகை ஒலி கேட்காது" என்று பெட்டியில் ஒரு வரி போடக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் கடைக்காரர் போர்டு விலை சொல்கிறார்.

தீர்வு இலவசம். விஎல்சி என்ற பிளேயரைப் போடுங்கள். அதற்கு விண்டோஸின் கோடெக் தேவையில்லை, ஏசி-3, டிடிஎஸ், ஏஏசி என்ற ஒலி முறைகள் எல்லாவற்றுக்கும் தன்னிடமே கோடெக் வைத்திருக்கிறது. போட்ட பிறகு வீடியோ கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'ஓபன் வித்' என்பதில் விஎல்சியைத் தேர்ந்தெடுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் விஎல்சியை எங்கே எடுக்கிறீர்கள் என்பதில்தான் ஆபத்து. அதன் சொந்தத் தளம் வீடியோலேன் டாட் ஓஆர்ஜி (videolan.org). அதை எழுத்துக்கூட்டி அடித்துப் போங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள். 2022-ல் இந்தத் தளத்தையே பல மாதங்கள் இந்தியாவில் முடக்கி வைத்திருந்தார்கள். ஏன் என்று பொதுமக்களுக்கு எவரும் சொல்லவில்லை. சட்டப்படி நோட்டீஸ் போன பிறகு நவம்பரில் திறந்தார்கள். அந்த இடைவெளியில் நம் ஆட்கள் கண்ட தளங்களிலிருந்து விஎல்சி என்று எதை எதையோ இறக்கிப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. விண்டோஸுக்கான அசல் கோப்பு 40 எம்பிக்கு மேல் இருக்கும். நீங்கள் இறக்கியது இரண்டு எம்பி, மூன்று எம்பி என்றால் அது விஎல்சி இல்லை, வேறு எதையோ உள்ளே கொண்டுவரும் கருவி. உடனே அழித்துவிடுங்கள். விஎல்சிக்குப் பணம் கேட்டாலும் போலிதான்.

இதே வகையில் இன்னும் சில பொறிகள். "இந்த வீடியோ ஓடக் கோடெக் தேவை, இங்கே அழுத்தவும்" என்று திரையில் வந்தால் அழுத்தாதீர்கள். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் வரும் எதையும் போடாதீர்கள். யூடியூப் பாடும் கணினிக்குப் புது டிரைவர் தேவையில்லை. கூகுளில் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்ணுக்கு போன் செய்து, அவர்கள் சொல்லும் ரிமோட் செயலியைத் திறந்துவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கும் சேர்ந்தே திறக்கும். அப்படிப் பணம் போனவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். கோப்பை ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்களுக்கும் கல்யாண வீடியோவை ஏற்றாதீர்கள். வீட்டுப் பெண்கள், குழந்தைகள் அத்தனை பேர் முகமும் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரில் போய் உட்காரும்.

ஃபார்மட் யோசனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புது லேப்டாப்பில் வரும் விண்டோஸ் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அசல். அதன் சாவி போர்டிலேயே பதிந்திருக்கும். சில கடைகளில் அதைத் துடைத்துவிட்டு, கையிலிருக்கும் கிராக் விண்டோஸைப் போட்டு, எழுநூறு, எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். சத்தம் வரவும் வரும். ஏனென்றால் கடைக்காரர் கூடவே விஎல்சியையும் போட்டுத் தருகிறார்! போட்டோக்கள் போயின, அசல் விண்டோஸ் போனது, வேலையைச் செய்தது இலவச பிளேயர்.

விஎல்சியிலும் சத்தம் இல்லையென்றால் இரண்டு நிமிடம் செலவழித்துப் பாருங்கள். திரையின் வலது கீழ்மூலையில் ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து 'வால்யூம் மிக்ஸர்' திறந்தால், ஒவ்வொரு செயலிக்கும் தனி அளவு தெரியும். விஎல்சி மட்டும் பூஜ்யத்தில் இருக்கலாம். ஹெட்போன் போட்டுக் கேட்பவர்கள் பின்னை முழுதாக அழுத்தியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பாதி செருகியிருந்தால் வாத்தியங்கள் கேட்கும், பேச்சும் பாடகர் குரலும் காணாமல் போகும்.

அடுத்து, வீடியோ ஓடும்போதே கன்ட்ரோல் விசையோடு ஜே எழுத்தை அழுத்துங்கள். கோப்பின் உள்விவரம் வரும். அதில் 'ஸ்ட்ரீம் 0' வீடியோ, 'ஸ்ட்ரீம் 1' ஆடியோ என்று இருக்க வேண்டும். ஆடியோ வரியில் 'ஏ52' என்று பார்த்தால் அதுதான் ஏசி-3. ஆடியோ என்று ஒரு வரியே இல்லையா? அப்படியானால் ஸ்டுடியோக்காரர் ஒலியைச் சேர்க்காமலே ஏற்றிக் கொடுத்துவிட்டார். உங்களுக்குத்தான் பழைய கணினியில் பாடியதே, ஆகையால் அந்தக் கவலை இல்லை.

போனைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலான போன்களின் கேலரிக்கும் ஏசி-3 தெரியாது. போனிலும் பிளே ஸ்டோரிலிருந்து விஎல்சி போட்டால் கேட்கும். அதிலும் கேட்காமல், இயர்போன் மாட்டினால் மட்டும் கேட்கிறது என்றால் விஷயம் வேறு. இதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல ஸ்டுடியோக்காரர்களுக்கே இது தெரிவதில்லை, பழியை போன் மேல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

மண்டபத்தில் ஐயர் மைக்கும் நாதஸ்வர மைக்கும் மிக்ஸருக்குப் போகும். மிக்ஸரிலிருந்து கேமராவுக்கு ஒரு வயர் இழுப்பார்கள். மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள) வெளியீட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் வரும். ஒன்றில் நேராக, மற்றொன்றில் தலைகீழாக. நீளமான வயரில் இரைச்சல் ஏறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கேமராவின் சின்ன மைக் துளையோ இடது, வலது என்று இரண்டு தனி ஒலிகளை எதிர்பார்க்கிறது. அவசரத்தில் பற்றவைத்த வயரில் நேர்க்கம்பி இடதுக்கும் தலைகீழ்க்கம்பி வலதுக்கும் போய்விட்டால், பதிவில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள கணினியில் ஏதோ குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும், ஆனால் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் போன் இரண்டையும் கூட்டிப் பாடும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடும். மிச்சம் பூஜ்யம்.

சோதிப்பது எளிது. கணினி விஎல்சியில் 'ஆடியோ', அதற்குள் 'ஸ்டீரியோ மோட்' போங்கள். 'லெஃப்ட்' வைத்தால் ஐயர் குரல் நன்றாகக் கேட்டு, 'மோனோ' வைத்தால் மறைந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பார்ப்பதற்கு 'லெஃப்ட்'டிலேயே வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாகத் திருத்த ஸ்டுடியோக்காரர் இடது ஒலியை வலதுக்கும் நிரப்பித் தர வேண்டும். பிரீமியர் மென்பொருளில் 'ஃபில் ரைட் வித் லெஃப்ட்' என்றே ஒரு எஃபெக்ட் இருக்கிறது. இழுத்துப் போட்டால் போதும், மறுபடி எடிட்டிங் தேவையில்லை.

டிவியிலும் உறவினர் போன்களிலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட வேண்டுமானால் ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாற்றிவிடுங்கள். ஏவிடிமக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பைத் திறந்து, இடப்பக்கம் வீடியோவுக்கு 'காப்பி', ஆடியோவுக்கு 'ஏஏசி' என்று தொடங்கும் ஒன்று, கீழே 'எம்பி4 மக்ஸர்' என்று வையுங்கள். ஆடியோவின் 'கான்ஃபிகர்' பொத்தானில் 192 கேபிபிஎஸ், ஒலி 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி) என்றால் 'ஃபில்டர்ஸ்' பகுதியில் மிக்ஸரை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள். பிறகு புதுப் பெயரில், பெயருக்குப் பின்னால் எம்பி4 சேர்த்து, சேமியுங்கள். படத்தைத் தொடாததால் தரம் ஒரு துளியும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். அசல் கோப்பை அழிக்காதீர்கள். பென்டிரைவிலேயே சேமிக்கவும் பார்க்காதீர்கள். ஃபேட்32 முறையில் இருக்கும் பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது, வேலை பாதியில் நின்றுவிடும். லேப்டாப்பிலேயே சேமித்து, பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிய பிறகு நகலெடுங்கள். அப்படி மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் உங்களால் ஆகாது என்றால் ஸ்டுடியோவுக்கே போங்கள். "எச்.264 படம், ஏஏசி ஸ்டீரியோ ஒலி, 48 கிலோஹெர்ட்ஸ், எம்பி4 கோப்பாகக் கொடுங்கள்" என்று இந்த வரியை அப்படியே காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். அவர் கணினியில் இது ஓரிரு தேர்வுகளை மாற்றும் வேலை, தனிக்கட்டணம் கேட்பது நியாயமில்லை. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முகூர்த்தங்கள் வந்துவிட்டால் இடம் போதாமல் பழைய கல்யாணத்தின் மூலப் பதிவுகளை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்தத் திருத்தம் கேட்டாலும் அவரிடம் எடுத்துத் தர எதுவும் இருக்காது.