மிச்சம் வைத்த கிளாஸைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் இரண்டு வருடமாகச் சின்னதாக மைக்ரோபுரூவரி (பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் கடை) நடத்துகிறேன். ஆறு டேங்க், ஆறு வகை பீர். சனி, ஞாயிறு பரவாயில்லை; மற்ற நாட்களில் ஈ ஓட்டுகிறோம். சுற்றிலும் பெரிய பெரிய இடங்கள். போர்வெல் தண்ணீர் கடினம் என்பதால் ஆர்.ஓ. செலவு வேறு. ஸ்டவுட் என்ற கருப்பு பீரைத் தேடி வருகிறவர்கள் சிலர்தான். தனித்துத் தெரிய ராகி பீர் போடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: ராகியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், நண்பரே. பார்லிக்கு உமி உண்டு. வெந்நீரில் ஊறிய தானியக் கூழை வடிக்கும்போது அந்த உமிதான் சல்லடை. அப்படி உமி இல்லாத ராகி அதிகமானால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், புதுமைக்காக வாங்கும் கிளாஸ் பெரும்பாலும் ஒன்றோடு நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது கிளாஸ் கேட்கிற ஆள்.

நண்பர் ஒருவரின் கடையில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பாத்திரம் கழுவும் தொட்டி அருகே உட்கார்ந்திருந்தேன். மாம்பழ பீர் கிளாஸ்கள் கால்வாசி மிச்சத்தோடு திரும்பின. கருப்பு பீர் கிளாஸ்களில் ஒரு சொட்டு இல்லை. உள்பக்கம் நுரை மட்டும் வளையம் வளையமாக ஒட்டியிருந்தது. எத்தனை கிளாஸ் விற்றது என்றுதான் பில் சொல்லும். எது பிடித்தது என்பதை அந்தத் தொட்டி சொல்லியது. நீங்களும் இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள்.

என் கணிப்பு, உங்கள் இடம் அந்த ஸ்டவுட்டில்தான் இருக்கிறது. காரணம், நீங்கள் குறையாகச் சொல்லும் அதே தண்ணீர். 1842-ல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் பொன்னிற லாகர் பீர் பிறந்ததற்கு அந்த ஊரின் மென்மையான தண்ணீர் பெரிய துணை. அயர்லாந்தின் டப்ளின் தண்ணீரில் காரத்தன்மை தரும் பைகார்பனேட் அதிகம். அங்கே ஸ்டவுட் வளர்ந்தது. கருக வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) அமிலம் அந்தக் காரத்தன்மையைச் சமன் செய்து, கூழின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவை 5.2–5.6க்குள் கொண்டுவர உதவும். தண்ணீரை லேபில் கொடுத்துப் பாருங்கள். கடினம் பைகார்பனேட்டால் என்று தெரிந்தால், கருப்பு பீருக்கு ஆர்.ஓ. தண்ணீரோடு போர்வெல் தண்ணீரையும் கலக்கலாம், செலவும் குறையும்.

டேங்க் கணக்கும் உங்கள் பக்கம்தான். ஸ்டவுட் 18–20 டிகிரியில் ஒரு வாரத்தில் புளித்துவிடும். லாகர் குளிரில் பல வாரம் டேங்கைப் பிடித்து வைத்திருக்கும்.

கருப்பு என்றால் போதை அதிகம் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. டப்ளினின் கின்னஸ் டிராஃப்ட் என்ற ஸ்டவுட்டில் ஆல்கஹால் வெறும் 4.2 சதவீதம்தான். உங்களுடையதையும் 4 சதவீதம் அளவில் வையுங்கள். பரிமாறுகிறவர் சின்ன கிளாஸில் ருசி பார்க்கக் கொடுத்து, இதை வாயால் சொல்லட்டும். பக்கத்தில் மிளகு தூக்கலாக மட்டன் சுக்கா இருக்கட்டும். வறுத்த வாசனைக்கு வறுத்த கறி அப்படி ஒட்டும். நாச்சோஸை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

காய்ச்சிய இடத்திலேயே பரிமாறும் தொழில் இது. உங்கள் சந்தை சுற்றியுள்ள நான்கு கிலோமீட்டர்தான். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வருகிற ஐம்பது பேர் நிலையாகக் கிடைத்தால் கடை மூச்சுவிடும். ஆறு வகையை நான்காக்குங்கள். அதில் இரண்டு கருப்பு. கோதுமை பீர் ஒன்று இருக்கட்டும், குடும்பத்தோடு வருகிறவர்கள் கேட்பார்கள். இந்தக் கருப்பு நிலைத்த பிறகு, வறுத்த ராகியைக் கொஞ்சமாக அதிலேயே சேர்த்துப் பார்க்கலாம்.

தண்ணீர் ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.