அரசு நடுநிலைப் பள்ளியில் ‘பி1’ வாங்கும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு ஏன் வரவில்லை?

தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் ‘பி1’ (100க்கு 71 முதல் 80 வரை) வாங்கியும் அவனுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை, அந்தத் தரநிலையை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 60 தான் பருவ இறுதித் தேர்வுக்கு. மீதி 40 வளரறி மதிப்பீடு, அதாவது பருவம் நடக்கும்போதே தரும் மதிப்பெண்: செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. பிள்ளை தானே செய்து, பேசி, விளக்குவதற்கு மதிப்புத் தரும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் கடையில் வாங்கிய படத்தை ஒட்டி வந்தாலே முழு மதிப்பெண் கிடைக்கும் வகுப்புகளும் உண்டு. அப்படி 40க்கு 38 விழுந்துவிட்டால், தேர்வில் 60க்கு 33 எடுத்தவனும் 71 பெற்று ‘பி1’ ஆகிவிடுவான். தேர்வில் பாதியளவு அவனுக்குத் தெரியவில்லை என்பதை அந்த எழுத்து மறைத்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது என்று பலர் சொல்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மாநிலங்களுக்கு அந்த வழியைத் திறந்தது; தமிழ்நாடு அதை நடைமுறைப்படுத்தவில்லை. அது சரியென்றே உறுதியாக நினைக்கிறேன். புரியாத பாடத்தை அதே விதத்தில் இன்னோர் ஆண்டு நடத்தினால் எப்படிப் புரியும்? அப்படி நிறுத்தினால் ஏழை வீட்டுப் பிள்ளை படிப்பையே விட்டுவிடக்கூடும்.

பருவ முடிவில் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தக் கணக்கில், எந்தப் படியில் தவறினான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பலருக்கும் இதே நிலை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மை.